தனியாகக் குதித்தால் வருகிறது, பாட்டு போட்டால் கெடுகிறது: தப்பு கோச் மேலா, கொரியோகிராபர் மேலா?

கேரித்தீவு எழுதியது:

பந்திங் பக்கமிருந்து வாரக்கடைசியில் சன்வே பிரமிட்டுக்கோ புத்ராஜெயாவுக்கோ பிள்ளைகளை ஐஸ் ரிங்கிற்குக் கூட்டிப் போகிறவர்களுக்காக இந்த இழை. பரதத்தில் நட்டுவனார் ஒருவரே அடவும் சொல்லிக்கொடுப்பார், உருப்படியும் அமைப்பார். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. குதிக்கக் கற்றுத் தருவது கோச். ப்ரோகிராம், அதாவது பாட்டுக்கு ஆடும் முழு ஆட்டம், அமைப்பது கொரியோகிராபர். அதனால் பழி போட இரண்டு தலைகள்.

கேள்வி இதுதான். பிள்ளை டபுள் லட்ஸ் (காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றும் ஒரு ஜம்ப்) தனியாகச் செய்தால் சுத்தமாக வருகிறது. அதையே பாட்டோடு வைத்தால் எட்ஜ் (பிளேடின் விளிம்பு) மாறுகிறது, சுழற்சி குறைகிறது. என் கட்சி: கொரியோகிராபர் கையும் காலும் நிறைய திணித்து ஜம்ப்பைக் கெடுக்கிறார். மறுப்பவர்கள் வரலாம்.

---

செம்பனைநிழல் எழுதியது:

மறுக்கிறேன். பாட்டு ஜம்ப்பைக் கெடுப்பதில்லை அண்ணே, ஏற்கெனவே கெட்டுக் கிடந்ததை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

லட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இடஞ்சுழியாகச் சுழல்பவர் இடது காலின் வெளி எட்ஜில் பின்னோக்கிப் போகிறார். அந்த வளைவு வலஞ்சுழி. குதித்ததும் உடம்பு சுழல வேண்டியதோ எதிர்ப்பக்கம். போகிற வளைவும் சுழல்கிற திசையும் முட்டிக்கொள்வதுதான் இந்த ஜம்ப்பின் கஷ்டம், அதன் மதிப்பும் அதனால்தான். உடம்பு சுலபமான வழியைத் தேடும். வலது கால் டோ பிக் (பிளேடின் முன்பல்) ஐஸில் குத்துவதற்குச் சற்று முன் இடது கணுக்கால் உள்ளே சாய்ந்து உள் எட்ஜுக்கு மாறிவிடும். அப்போது அது லட்ஸ் இல்லை, லட்ஸ் வேஷம் போட்ட ஃபிளிப் (உள் எட்ஜிலிருந்து எழும் ஜம்ப்).

ஏன் சாய்கிறது? ஒன்று, இடது தோள் முன்கூட்டியே திறந்துவிடுகிறது. இரண்டு, வலது கால் நேர் பின்னால் குத்தாமல் பக்கவாட்டில் அகலமாகப் போய்க் குத்துகிறது. இடுப்பு திறந்ததும் எட்ஜ் தானாக உருளும். இரண்டுமே கோச் ஆரம்பத்தில் கண்டுபிடித்து நிறுத்த வேண்டியவை. 'சுத்தமாக வருகிறது' என்று நீங்கள் சொல்லும் ஜம்ப்பை முதலில் பின்னாலிருந்து படம் பிடித்துப் பாருங்கள். கைப்பேசியை ஐஸ் மட்டத்துக்கு அருகில் வைத்து, வினாடிக்கு 240 பிரேம் வேகத்தில். கண்ணுக்கு இந்தச் சாய்வு தெரியாது.

---

மோரிப் அலை எழுதியது:

இரண்டு பேரும் பாதி பாதி சரி. கணக்காகப் பேசுவோம்.

பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்றால் எட்டு எண்ணிக்கைக்கு 4 வினாடி. பிள்ளை வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால் அந்த எட்டு எண்ணிக்கையில் 20 மீட்டர் ஓடிவிடும். தனியாகப் பயிற்சி செய்யும்போது லட்ஸுக்கு எத்தனை எண்ணிக்கை எடுத்துக்கொள்கிறது? பெரும்பாலும் குறுக்கடி (காலைக் குறுக்கே போட்டுத் தள்ளுவது) நாலு, ஒரு திருப்பம், அப்புறம் நீண்ட பின்னோக்கு வழுக்கல் என்று 12, 14 எண்ணிக்கை போகும். ப்ரோகிராமில் கொரியோகிராபர் கொடுப்பது 8. அதிலும் முதல் 2 எண்ணிக்கையில் முந்தைய அசைவை முடிக்கவேண்டும். மிஞ்சுவது 6, அதாவது 3 வினாடி. பிள்ளை எங்கே மிச்சம் பிடிக்கும்? வெளி எட்ஜில் நிற்கும் நேரத்தில்தான். கோச் சொல்லிக்கொடுத்தது 14 எண்ணிக்கை லட்ஸ். மேடையில் கேட்பது 6 எண்ணிக்கை லட்ஸ். இரண்டும் ஒரே ஜம்ப் இல்லை.

ஆகவே ப்ரோகிராம் அமைக்கும் முன் கோச் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஜம்ப்புக்கும் நுழைவு எது, எத்தனை வினாடி, ரிங்கின் எந்த மூலை, இறங்கிய பிறகு எத்தனை எண்ணிக்கை காலை நீட்டி நிற்கவேண்டும் என்று. கொரியோகிராபர் வழக்கமாகச் சில நாளில் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் தாள் இல்லாவிட்டால் அவர் அழகாகத் தெரிகிற இடத்தில் வைப்பார், பிறகு கோச் நடுப்பருவத்தில் அசைவுகளை ஒவ்வொன்றாக வெட்டுவார். கடைசியில் மிஞ்சுவது குறுக்கடியும் ஜம்ப்பும் மட்டும். அதைப் பார்த்து 'கொரியோகிராபி காலி' என்று நடுவர் புள்ளி குறைப்பார்.

---

சுங்கைமங்கிஸ் எழுதியது:

இன்னொரு காரணம், யாரும் சொல்லவில்லை. பொது நேரத்தில் ரிங்கில் கூட்டம் இடஞ்சுழியாகச் சுற்றும். லட்ஸ் நுழைவு வலஞ்சுழி வளைவு. அதாவது பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே வரும் கூட்டத்தை நோக்கிப் பாய்வது. மோதிவிடுமோ என்று பிள்ளை தலையைத் திருப்பிப் பார்க்கும், தோள் திறக்கும், வளைவைச் சுருக்கும். செம்பனைநிழல் சொன்ன அதே பிழை அங்கேதான் பிறக்கிறது! பொது நேரத்தில் ஃபிளிப், சால்கோ, லூப் பழகலாம். லட்ஸுக்கு கோச் எடுக்கும் தனி நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

---

செம்பனைநிழல் எழுதியது:

இது நல்ல பாயிண்ட். ஒத்துக்கொள்கிறேன்.

---

கேரித்தீவு எழுதியது:

சரி, எட்ஜ் தப்பு என்றே வைத்துக்கொள்வோம். புள்ளியில் எவ்வளவு அடி? பேசாமல் லட்ஸை எடுத்துவிட்டால் என்ன?

---

மோரிப் அலை எழுதியது:

சீனியர் அளவில் டிரிபிளை (மூன்று சுற்று ஜம்ப்) வைத்துக் கணக்குப் போடுகிறேன், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

டிரிபிள் லட்ஸின் அடிப்படை மதிப்பு 5.9. எட்ஜ் தப்பு என்று தொழில்நுட்பக் குழு குறித்தால் அது 80 சதவீதம் ஆகும்: 4.72. தர மதிப்பெண் -5 முதல் +5 வரை, ஒவ்வொரு படியும் 10 சதவீதம். நடுவர்கள் -2 போட்டால் மிச்சம் சுமார் 3.78. டிரிபிள் லூப் 4.9, சுத்தமாகச் செய்து +2 வாங்கினால் 5.88. டபுள் ஆக்ஸல் (முன்னோக்கி எழும் இரண்டரைச் சுற்று) வெறும் 3.3 தான், ஆனால் வேகமாக ஓடி உயரமாகக் குதித்து +4 வாங்கினால் 4.62. கெட்ட லட்ஸை விட நல்ல டபுள் ஆக்ஸல் மேல்.

பெரிய ஜம்ப்பிலும் இதே கணக்குதான். குவாட் (நாலு சுற்று) லட்ஸ் 11.5. விழுந்தால் பாதி போய் 5.75, விழுந்ததற்கு இன்னும் 1 கழித்தால் 4.75. டிரிபிள் லட்ஸ் +3 வாங்கினால் 7.67.

ஆனால் 'எடுத்துவிடு' என்பது அவ்வளவு சுலபம் இல்லை. டிரிபிளிலும் குவாடிலும் ஒரே வகை ஜம்ப்பை இரண்டு தடவைக்கு மேல் வைக்க முடியாது, அப்படி இரட்டிக்கக் கூடியவையும் இரண்டு வகைதான். டபுள் ஆக்ஸலும் இப்போது இரண்டு தடவைதான். லட்ஸை எடுத்தால் ஏற்படும் ஓட்டையை அடைக்க வேறு வகை வேண்டும்.

---

ஜுக்ராமலை எழுதியது:

ஓட்டையை எப்படி அடைப்பது என்பதற்கு 2010 வான்கூவர் ஒலிம்பிக்கை விட நல்ல பாடம் இல்லை.

தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் யூனாவுக்குக் கோச் பிரையன் ஓர்சர், கொரியோகிராபர் டேவிட் வில்சன். யூனாவுக்கு டிரிபிள் லூப் ஒத்துவராது. நீளப் ப்ரோகிராமில் (போட்டியில் குறும், நீளம் என்று இரண்டு ஆட்டம் உண்டு) அதை வைக்கவே இல்லை. பதிலாக மூன்று டபுள் ஆக்ஸல், ஒன்றோடு டிரிபிள் டோ லூப் (இது லூப் இல்லை, வேறு ஜம்ப்) கோர்த்து. அப்போது விதி இடம் கொடுத்தது. மொத்தம் 228.56, அன்றைய உலகச் சாதனை. லூப் இல்லையே என்று பார்க்கிறவனுக்குத் தோன்றாது, ஏனென்றால் ஒவ்வொரு ஜம்ப்பும் வில்சன் வரைந்த பெரிய வளைவின் மேல் உட்கார்ந்திருந்தது. வேகம் குறைகிற இடமே கிடையாது.

அதே போட்டியில் ஜப்பானின் அசாதா மாவோ. அவருக்கு லட்ஸ் எட்ஜ்தான் சிக்கல். அவரும் லட்ஸை விட்டுவிட்டு டிரிபிள் ஆக்ஸலில் பந்தயம் கட்டினார். குறும் ப்ரோகிராமில் ஒன்று, நீளத்தில் இரண்டு, மூன்றையும் இறக்கினார். 205.50, வெள்ளி. ஆக இரண்டு பேருமே பலவீனத்தை மறைத்தார்கள். யூனா மறைத்தது ஒரு நடுத்தர ஜம்ப், பதிலுக்கு வைத்தது கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது. மாவோ பதிலுக்கு வைத்தது உலகத்திலேயே ஆபத்தான ஜம்ப்.

பிறகு நடந்ததைத்தான் பெற்றோர்கள் கவனிக்கவேண்டும். 2010க்குப் பிறகு மாவோ சாதோ நோபுவோ என்ற கோச்சிடம் போய் ஜம்ப்புகளை அடியிலிருந்து மாற்றிக் கட்டினார். 2011 உலகப் போட்டியில் ஆறாம் இடம். 2014ல்தான் மறுபடி உலகச் சாம்பியன். எட்ஜ் திருத்தம் என்றால் மூன்று மாதச் சமாச்சாரம் என்று எந்த கோச்சாவது சொன்னால் நம்பாதீர்கள். பன்னிரண்டு வயதில் திருத்தினால் ஒரு பருவம் போகும். இருபதில் மூன்று பருவம் போகும்.

---

சுங்கைமங்கிஸ் எழுதியது:

ஜுக்ரா அண்ணே, ரஷ்யாவை மறந்துவிட்டீர்களே. கோச் எதேரி துத்பெரிட்சேயின் பிள்ளைகள் ஜம்ப்புகளை ப்ரோகிராமின் பின்பாதியில் வைத்துத்தானே ஜெயித்தார்கள்.

---

ஜுக்ராமலை எழுதியது:

மறக்கவில்லை தம்பி. அது கோச்சும் கொரியோகிராபரும் சேர்ந்து விதிப் புத்தகத்தை வாசித்ததற்கு உதாரணம். 2018 ஒலிம்பிக்கில் அவருடைய மாணவி ஜாகிதோவா ஏழு ஜம்ப்பையும் நீளப் ப்ரோகிராமின் பின்பாதியில் வைத்தார், பாதிக்குப் பிறகு வருகிற ஜம்ப்புக்கு 10 சதவீதம் கூடுதல் என்பதால். அவரும் வெள்ளி வாங்கிய மெட்வெடேவாவும் ஒரே பயிற்சிக் கூடம். நீளத்தில் இருவருக்கும் அச்சு அசலாக 156.65. குறும் ப்ரோகிராமில் இருந்த 1.31 புள்ளிதான் தங்கத்தைத் தீர்மானித்தது. அதே ஆண்டு விதி மாறியது. இப்போது நீளத்தில் கடைசி மூன்று ஜம்ப்புக்கும் குறும் ப்ரோகிராமில் கடைசி ஒன்றுக்கும் மட்டும்தான் கூடுதல். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குதிப்பதற்குத் தனியாகக் கிடைத்த மதிப்பும் போனது.

இதைப் பார்த்து இங்கே சிலர் சின்னப் பிள்ளைக்கு ஜம்ப்பைக் கடைசியில் குவிக்கிறார்கள். டபுள் லட்ஸ் 2.1 தானே. அதில் 10 சதவீதம் 0.21. களைத்த காலில் விழுந்து அதைவிடப் பல மடங்கு இழப்பதற்கு அது கூலியா? கஷ்டமான ஜம்ப்பை முதலில் வையுங்கள். கடைசி மூன்று இடத்தில் தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற ஜம்ப்பை வையுங்கள்.

---

கேரித்தீவு எழுதியது:

பரதம் கற்ற பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அதனால் கொரியோகிராபி தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையா?

---

நாட்டியக்கண் எழுதியது:

கால்வாசி உண்மை. எது உதவும், எது உபத்திரவம் என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

உதவுவது: அரைமண்டியின் திறந்த இடுப்பு. கால்களை எதிரெதிராகத் திருப்பி வழுக்கும் ஸ்ப்ரெட் ஈகிளுக்கும், இனா பௌவருக்கும் (முன்முழங்காலை மடக்கி வழுக்கும் நிலை) அது பாதி வேலையை முடித்துவிடும். நாட்யாரம்பத்தில் தோள் மட்டத்தில் முழங்கை விழாமல் நிற்கிற கை, திருப்பத்துக்குப் பின் தோளைப் பூட்டுவதற்கும் ஜம்ப் இறங்கும்போது சுழற்சியை நிறுத்துவதற்கும் அப்படியே பயன்படும். அடவை இரண்டு பக்கமும் செய்த பழக்கம் ஸ்டெப் சீக்வென்ஸில் (தொடர் காலடி வரிசை) காசு. அதில் உச்சமான நாலாம் நிலைக்கு 11 கஷ்டமான திருப்பமும் அடியும் வேண்டும், இரண்டு திசையிலும் சுழல வேண்டும். வலஞ்சுழி திருப்பம் தெரியாத பிள்ளைக்கு அது கதவடைப்பு. தாளமும் அப்படித்தான். திஸ்ரத்தில் (மும்மூன்றாக எண்ணும் தாளம்) வருகிற பாட்டுக்குக் குறுக்கடி இரண்டிரண்டாகப் போனால் தாளம் நழுவும். முதல் அடியில் தள்ளி, அடுத்த இரண்டு அடியும் எட்ஜில் நிற்கவேண்டும். திஸ்ர நடை கைவந்த பிள்ளை இதைச் சொல்லாமலே செய்யும்.

கெடுப்பது: முதலாவது முழங்கால். அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் போகும், முதுகு நேராக நிற்கும். ஸ்கேட்டில் முழங்கால் கால்விரலுக்கு நேர் மேலே முன்னால் போகவேண்டும், கெண்டைக்கால் முன்பக்கம் பூட்ஸின் நாக்கை அழுத்தவேண்டும். இதைத் திருத்தாவிட்டால் ஒவ்வொரு தள்ளலும் குட்டையாகும், வேகம் வராது. இரண்டாவது தட்டு. பாதத்தைத் தரையில் அறைந்து பழகியவர்கள் பிளேடையும் மேலிருந்து வைப்பார்கள். கரகரவென்று சத்தம் வந்தால் அங்கே வேகம் செத்துவிட்டது என்று அர்த்தம். பிளேடு பக்கத்திலிருந்து வழுக்கி உள்ளே வரவேண்டும்.

மூன்றாவதுதான் கேரித்தீவு கேட்ட லட்ஸோடு சம்பந்தப்பட்டது. அடவில் ஒவ்வொரு தாளத்துக்கும் கை வெடுக்கென்று முடியும். ஜம்ப்புக்கு முந்தைய இரண்டு எண்ணிக்கையில் அப்படிக் கை முடித்தால் தோள் ஆடும், இடுப்பு கூடவே போகும். கொரியோகிராபர் அங்கே கை அசைவு வைத்திருந்தால் வலது கைக்கு மட்டும், அதுவும் பின்னோக்கி, மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். இடது கை அசையவே கூடாது.

முக அபிநயம் பற்றி ஒரு வார்த்தை: ரிங்கின் மறுகோடியிலிருந்து கண்ணசைவு நடுவருக்குத் தெரியாது. மார்பும் முதுகும்தான் அங்கே முகம்.

---

செம்பனைநிழல் எழுதியது:

அக்கா சொன்ன முழங்கால் விஷயத்துக்கு மேலே ஒன்று. கொரியோகிராபி என்றதும் எல்லாரும் கையைப் பார்க்கிறார்கள். 2022-23 பருவத்திலிருந்து ப்ரோகிராம் மதிப்பெண் மூன்றே தலைப்பு: அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். மூன்றாவது முழுக்க முழுக்கக் காலடி. பெண்கள் நீளப் ப்ரோகிராமில் ஒவ்வொன்றையும் 2.67ஆல் பெருக்குவார்கள். ஒரு தலைப்பில் கால் புள்ளி ஏறினால் 0.67. ஆண்களுக்கு 3.33.

டொராண்டோ கிரிக்கெட் கிளப்பில் ஓர்சரோடு கோச்சாக இருக்கும் ட்ரேசி வில்சன் ஐஸ் டான்ஸ்காரர், காலடிதான் அந்தப் பிரிவின் உயிர். அங்கே தள்ளல் பயிற்சிக்கு உள்ள மரியாதை அதனால்தான். இன்னொரு உதாரணமும் உண்டு, ஜப்பானின் சகமோதோ கவோரி. லட்ஸ் எட்ஜில் கேள்வி வாங்கிக்கொண்டே 2022, 2023, 2024 மூன்று உலகப் பட்டம். டிரிபிள் ஆக்ஸலும் இல்லை, குவாடும் இல்லை. வேகமும் டபுள் ஆக்ஸலின் நீளமும்தான் மூலதனம். கோச் நகானோ சோனோகோ கட்டிய அந்த வேகம் இல்லாவிட்டால் எந்தக் கொரியோகிராபரும் வெறும் காற்றைத்தான் அலங்கரிக்கவேண்டும்.

---

சுங்கைமங்கிஸ் எழுதியது:

ஜூலியன் யீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள் லா. மால் ஐஸில் ஆரம்பித்து 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் தங்கம், 2018 பியோங்சாங்கில் மலேசியாவின் முதல் ஃபிகர் ஸ்கேட்டர். குறும் ப்ரோகிராமில் 25ஆம் இடம், நீளத்துக்குப் போவது 24 பேர்.

---

மோரிப் அலை எழுதியது:

மால் ஐஸ் என்றதும் அடுத்த சிக்கல். போட்டி ரிங்க் பெரிதானால் 60க்கு 30 மீட்டர். சின்ன ரிங்கில் அமைத்த ப்ரோகிராமை அங்கே கொண்டுபோனால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, பிள்ளை நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், மூலைகள் காலியாகக் கிடக்கும், அமைப்பில் புள்ளி போகும். அல்லது மூலைக்கு எட்ட இரண்டு குறுக்கடி கூடப் போட்டு, பாட்டுக்குப் பின்னால் ஓடி, லட்ஸைத் தடுப்புச் சுவருக்கு ஒட்டி எடுக்கும்.

பந்திங்கிலேயே இதற்கு வழி உண்டு. 40க்கு 20 மீட்டர் அளவுள்ள புட்சால் கோர்ட் நீளத்திலும் அகலத்திலும் போட்டி ரிங்கில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. ஐஸில் வினாடிக்கு 5 மீட்டர் என்றால் இங்கே 3.3, மெதுவோட்டம். பாட்டைப் போட்டு, சப்பாத்துக் காலோடு அதே பாதையை ஓடினால் நேரமும் இடமும் ஒருங்கே பொருந்தும். நீளப் பக்கம் ஒன்றில் நடுவர் இருக்கும் இடத்துக்கு ஒரு நாற்காலி போடுங்கள். ஜம்ப் வருகிற இடத்தில் டேப் ஒட்டி, ஓடும்போது முழு ஜம்ப் வேண்டாம், ஒரு அரைச்சுற்றுப் போதும். தரை சிமெண்டு. முழுச் சுழற்சி பழகுவதென்றால் மரத்தரை டேவானில் (மண்டபத்தில்), வெறும் சாக்ஸோடு வேண்டாம், சப்பாத்தோடு, ஒரு தடவைக்கு 15, 20க்கு மேல் வேண்டாம்.

---

ஜுக்ராமலை எழுதியது:

கேரித்தீவின் முதல் கேள்விக்கு நேர் பதில் யாரும் சொல்லவில்லை. கோச்சா, கொரியோகிராபரா என்று கண்டுபிடிக்க நாலு படி போதும்.

முதலில் ஜம்ப்பை வழக்கம்போல் தனியாக, 5 தடவை, பின்னாலிருந்து படம். இதிலேயே எட்ஜ் மாறினால் கோச் வேலை, மற்றதைப் பார்க்கவே தேவையில்லை. சுத்தமாக இருந்தால், பாட்டில்லாமல் ப்ரோகிராமில் உள்ள நுழைவோடு 5 தடவை. இங்கே கெட்டால் நுழைவு தப்பு. கொரியோகிராபரிடம் 2 எண்ணிக்கை கேளுங்கள், அல்லது நுழைவை மாற்றுங்கள். அடுத்து பாட்டோடு, ஆனால் அந்தப் பகுதியை மட்டும், முந்தைய 15 வினாடியிலிருந்து. இங்கே கெட்டால் தாளத்துக்கு அவசரப்படுகிறது. அசைவை வெட்டவேண்டாம், பாட்டில் இடத்தை நகர்த்துங்கள். கடைசியாக முழு ப்ரோகிராம். இங்கே மட்டும் கெட்டால் மூச்சு. இரண்டு பேரும் நிரபராதி. தேவை ஓட்டப் பயிற்சியும், வாரம் இரண்டு தடவை முழு ப்ரோகிராமை ஆடுவதும்.

கோச் வேலை என்று வந்தால் வரிசை இது: இடது வெளி எட்ஜில் பின்னோக்கி வழுக்கி, டோ பிக்கை இடது குதிகாலுக்கு நேர் பின்னால் தொட்டு, குதிக்காமல் நிறுத்துவது 10. பிறகு அரை லட்ஸ் 10. பிறகு ஒற்றை லட்ஸ். ஒற்றையில் எட்ஜ் கடைசிவரை நிற்காத வரை டபுளைத் தொடவே வேண்டாம்.

---

கேரித்தீவு எழுதியது:

முதல் படியிலேயே விடை கிடைத்துவிட்டது. தனியாகச் செய்தபோதும் ஐந்தில் மூன்றில் எட்ஜ் உள்ளே போகிறது, டோ குத்துவதற்குச் சற்று முன்னால். செம்பனைநிழல் சொன்னதுதான் சரி, என் கட்சி தோற்றது. இந்தப் பருவத்துக்கு லட்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபிளிப் வைக்கலாமா? அதே மூலை, அதே 8 எண்ணிக்கை.

---

மோரிப் அலை எழுதியது:

ஃபிளிப் வைக்கலாம், அதே மூலையில் வைக்கக்கூடாது. ஃபிளிப் இடஞ்சுழி வளைவில் வருகிறது, அந்த மூலையில் சுவரைப் பார்த்துப் போகும். ரிங்கின் நீளவாக்கில் நடுக்கோட்டை ஒட்டி, மூன்று எண்ணிக்கையில் மூன்று-திருப்பம் (ஒரே காலில் முன்னிருந்து பின்னுக்குத் திரும்புவது) போட்டு உடனே குதிக்கட்டும். திருப்பத்துக்குப் பின் உள் எட்ஜில் நீண்ட நேரம் நின்றால் இன்னொரு நோய் தொற்றும், வெளி எட்ஜுக்கு உருளும். மூலையில் மிச்சமாகும் 5 எண்ணிக்கைக்கு ஸ்ப்ரெட் ஈகிள் வையுங்கள். நாட்டியக்கண் சொன்ன அந்த இடுப்பு அங்கே வேலை செய்யட்டும்.